வாத்தியார் காது

கேட்டீங்களாம்மா? அந்தப் பிள்ளை சிலையைக் காட்டி "அது யாரும்மா?"ன்னு கேட்குது. அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கல. "பழைய எம்.எல்.ஏ.டா. வா, பஸ்ஸு போயிரும்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறாங்க. நீங்களும் சிரிச்சீங்க, நான் பார்த்தேன். பரவாயில்ல. அந்தம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மூஞ்சியைப் பார்த்தா எனக்கே எம்.எல்.ஏ. மாதிரித்தான் இருக்கு.

ராஜபாளையம் பஸ்ஸுக்குத்தானே? இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். பதினொன்றரை வண்டி இன்னிக்கு வரலையாம். என் மகளை இப்பத்தான் சங்கரன்கோவில் பஸ்ஸில ஏத்திவிட்டேன். ஏத்திவிட்டேன்னா, அவளா ஏறிக்கிட்டா. நான் பையை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். நீங்க இப்படி நிழல்ல தள்ளி உட்காருங்க. கையில புத்தகம் வச்சிருக்கீங்க, காலேஜ்ல படிச்ச பிள்ளைன்னு தெரியுது. உங்களுக்குச் சொன்னா புரியும்.

இது நல்லமங்கலம் அருணகிரி வாத்தியார். இந்த ஊர்க்காரர். நாடக வாத்தியார். நாற்பத்தெட்டு நாடகம் எழுதினவர். ஒரு காலத்துல மதுரையிலருந்து கொழும்பு வரைக்கும் அவர் பாட்டைப் பாடாத நாடகக் கம்பெனி கிடையாது. செத்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பாட்டு இருக்கு, ஆள் எப்படி இருந்தார்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. என்னைத் தவிர.

என்னைத் தவிரன்னு சொன்னா என் மக செண்பகத்துக்குக் கோவம் வரும். இப்ப அவ இல்ல, சொல்லலாம்.

என் பேரு தளவாய். பொதுப்பணித்துறையில முப்பத்திரண்டு வருஷம் டிரேசரா இருந்தேன். இஞ்சினியர் போட்ட படத்துக்கு மேல ஊடு தெரியிற துணியை விரிச்சு, கோட்டுக்குக் கோடு மையால நகல் எடுக்கணும். பாலம், மதகு, கலுங்கு, எல்லாம். ஒரு கோடு தப்பினா மதகு தப்பிரும், மதகு தப்பினா வயல் போயிரும். என் கோடு தப்பினதே இல்ல. எங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. இப்ப யாரைக் கேட்கிறது, எல்லாரும் ரிட்டயராயிட்டாங்க.

வாத்தியார் படம்னு சொல்லிக்கிட்டு ஊர் ஊரா நிறையப் படம் கிடந்துச்சு. நான் பதினொண்ணு சேர்த்தேன். சிலது என்னுது, சிலது இரவல் வாங்கினது. நாடக சங்கத்துல ஒரு படம், தலைப்பாகையும் கோட்டுமா, பெரிய மீசை. பாட்டுப்புத்தக அட்டையில ஒரு படம், அதுல மீசையே கிடையாது, பார்த்தா குருக்கள் மாதிரி இருப்பார். திருநெல்வேலியில ஒரு வக்கீல் வீட்டுல நாற்காலியில கால் மேல கால் போட்டு உட்கார்ந்த படம். அது வாத்தியாரே இல்ல, வக்கீலோட பெரியப்பான்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. இப்படி ஆளுக்கொரு படத்தை வச்சுக்கிட்டு, ஆளுக்கொரு வாத்தியாரைக் கும்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஒரு சங்கத்துக்காரன் இன்னொரு சங்கத்துக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டான். அந்த அளவுக்குச் சண்டை.

என் படம் வேற. கலைஞ்சுபோன ஒரு கம்பெனியோட உடுப்புப் பெட்டியில, சரிகைத் துணிக்கு அடியில கிடந்து கிடைச்சது. தாடி, தோள்ல சால்வை, கழுத்துல ஒத்தை உருத்திராட்சம். அந்தக் கண்ணு இருக்கே, பார்த்தா நாற்பத்தெட்டு நாடகம் எழுதின கண்ணுன்னு சொல்லிருவீங்க. பின்னால பென்சில்ல "வாத்தியார்"னு எழுதியிருந்துச்சு.

கண்ணை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். நான் காதைப் பிடிச்சேன். மீசையை எடுக்கலாம், தாடியை வைக்கலாம், உடம்பு இளைக்கும், பெருக்கும். காது மாறாது. பதினொரு படத்துலயும் காதை மட்டும் நிஜக் காது அளவுக்குப் பெருசாக்கித் துணியில நகல் எடுத்தேன். ஒண்ணு மேல ஒண்ணா வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். பதினொண்ணுல மூணு ஒத்துப்போச்சு. சங்கத்துப் படம், ஒரு நாடக நோட்டீஸ்ல வந்த படம், அப்புறம் என் படம். மூணுலயும் இடது காதுச் சோணையில ஒரு சின்ன வெட்டு. எலி கடிச்ச மாதிரி. மூணுலயும் அதே இடம். எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல.

ஆவுடைகிட்ட காட்டினேன். ஆவுடை என் சம்சாரம். அவ பார்த்துட்டு, "பாவம், அவருக்கு யாரு காதைக் கடிச்சா?"ன்னா. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

என் படம் பழைய தாளு, ரொம்ப மெல்லிசு. பெட்டியில சுருண்டே கிடந்ததால விரிச்சா மறுபடி சுருண்டுக்கும். சட்டம் போட்டாத்தான் நிக்கும்னு தோணுச்சு. வீட்டுல சரியான அளவுல ஒரே சட்டம்தான் இருந்துச்சு, தேக்குச் சட்டம், எங்க கல்யாணப் படம் போட்டது. எங்க படம் தடிச்ச அட்டையில ஒட்டினது. அந்த அட்டை மேலயே வாத்தியாரை ஒட்டிட்டா சுருளாதுல்ல? மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காம இருக்கத் துத்தம் கலந்து, ஒரு குமிழ் இல்லாம ஒட்டினேன். அப்படி ஒட்டுறதுக்கு இப்ப ஆள் கிடையாது. கேட்காம ஒட்டலம்மா, ஆவுடையைக் கேட்டேன். "நம்ம படத்து மேலயா?"ன்னா. "அடியில பத்திரமா இருப்போம்ளா, வெயில் படாது, நிறம் போகாது"ன்னேன். "சரிங்க"ன்னுட்டா. மனசாரச் சொன்னா.

எண்பத்தேழு தை மாசம், வாத்தியாருக்குச் சிலை வைக்கிறதுன்னு கமிட்டி போட்டாங்க. ரைஸ் மில் திருவேங்கடம்தான் தலைவர். எந்தப் படத்தைப் பார்த்துச் சிலை செய்யிறதுன்னு சண்டை வந்துச்சு. படம் வச்சிருக்கிறவங்க எல்லாம் பங்குனிக்குள்ள ஆதாரத்தோட வரணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த ரெண்டு மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்கன்னா சத்தியமா எனக்குத் தெரியாது.

ஸ்டுடியோ ஜெபமணி என் கூட்டாளி. அவன் தன் கேமராவையும் ஒரு ரோலையும் ஒரு நாளைக்குக் கொடுத்தான். முப்பத்தாறு படம். இரவல் படமெல்லாம் வாங்கிட்டு வந்து கொல்லையில வெயில் ஏறுறதுக்குள்ள பரப்பினேன். பதினொரு படம், படத்துக்கு மூணு: முழுசா ஒண்ணு, மூஞ்சி ஒண்ணு, காது ஒண்ணு. முப்பத்துமூணு ஆச்சு. நான் வாய்விட்டு எண்ணிக்கிட்டே எடுத்தேன் போலருக்கு. ஆவுடை உள்ளேருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

திரும்பிப் பார்க்கிறேன், அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு, பூ வச்சு, பவுடர் போட்டு நிக்கா. எனக்கு ஒண்ணும் ஓடல. "எங்கேளா கிளம்பிட்ட?"ன்னேன். "மூணு மிச்சம்னு சொன்னீங்களே"ன்னா. "செண்பகம் எழுதியிருந்தாள்ல, அம்மா படம் ஒண்ணு வேணும்னு. அவ மாமியார் வீட்டுல கூடத்துல மாட்டணுமாம்." அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, ஆமா, கடிதாசி வந்துச்சு. நான்தான் வாசிச்சுக் காட்டினேன்.

ஆனா பாருங்க, வெயில் ஏறிக்கிட்டு இருக்கு. என் படத்துல அந்த வெட்டு சரியா விழுந்ததான்னு ஒரு சந்தேகம். ஒரு கோணத்துல எடுத்தா நிழல்னு சொல்லிருவாங்க. அதனால மூணையும் காதுக்கே எடுத்தேன். இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் வெளிச்சம், நேர். முப்பத்தாறாவது படம்தான்மா பிரமாதமா விழுந்துச்சு. அந்த வெட்டைப் பார்த்தா கையை வச்சுத் தடவலாம் போல இருக்கும்.

"அடுத்த ரோல்ல எடுக்கலாம்ளா"ன்னேன். "சரிங்க"ன்னா. துவைக்கிற கல்லுல உட்கார்ந்துட்டா, பட்டுப்புடவையோட. ஈரம் பட்டு வீணாப்போயிரும், எந்திரின்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லலேன்னா அப்படியே இருந்திருப்பா.

அவளுக்கு வயித்துல ஒரு கட்டி இருந்துச்சு. இங்க இருக்கிற டாக்டரம்மா மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க. அது மாசியிலயே. நான் கூட்டிட்டுப் போகலேன்னு செண்பகம் சொல்லுவா. போனேன். பங்குனி முதல் வாரம் போனேன். கூட்டிட்டுப் போகாமலா?

போன இடத்துல என்னாச்சுன்னா, ஆஸ்பத்திரியில கூட்டம். எங்களுக்கு நாற்பத்தேழாம் நம்பர். அப்பத்தான் பன்னிரண்டு ஓடுது. அங்கருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் ஸ்திரீபார்ட் வைகுண்டம் இருந்தார். வாத்தியார் கம்பெனியில பொம்பளை வேஷம் போட்ட ஆள், எண்பத்துமூணு வயசு. வாத்தியாரை உசுரோட பார்த்தவங்கள்ல மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான். அவர் ஒரு வார்த்தை "இதுதான் வாத்தியார்"னு எழுதிக் கொடுத்தா போதும், கமிட்டியில யாரும் வாயைத் திறக்க முடியாது. நாற்பத்தேழு வர்றதுக்கு எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். "இந்தா வந்துர்றேன்"னு ஆவுடையை உட்காரவச்சுட்டுப் போனேன். "பசிச்சா பன்னு வாங்கித் தின்னு"ன்னும் சொல்லிட்டுத்தான் போனேன்.

வைகுண்டம் ஒரு மாடிப்படிக்கு அடியில கட்டில் போட்டுப் படுத்திருந்தார். உடம்புல ஒண்ணும் இல்ல, எலும்புதான். ஆனா கையை அசைச்சுப் பேசினா ஒரு அரண்மனையே வந்து நிக்குது. "வாங்க ராஜா, உட்காருங்க, எந்த ஊரு?"ன்னார். நான் என் படத்தோட நகலை எடுத்துக் கையில கொடுத்தேன். கிட்ட வச்சு, தூர வச்சு, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்துட்டுச் சிரிச்சார். பல் இல்லாத சிரிப்பு.

"அடடே, இது நான்தானே!"ன்னார்.

எனக்கு முதல்ல விளங்கல. "ஐயா, இது வாத்தியார்"னேன்.

"வாத்தியார் வேஷம்யா. வாத்தியாருக்குப் படம்னாலே ஆகாது. 'பாட்டைக் கேளுங்கடா, மூஞ்சியில என்னடா இருக்கு'ம்பார். முதலாளிக்கோ நோட்டீஸுக்குப் படம் வேணும். போற ஊர்லயெல்லாம் வாத்தியார் எங்கே, வாத்தியார் எங்கேன்னு கேட்கிறான். என்ன செய்யிறது? ஒப்பனைக்காரன் யாரையாவது பிடிச்சு உட்காரவச்சுத் தாடியை ஒட்டிருவான். எனக்குப் பதினெட்டு வயசு. மத்தியானம் வாத்தியார், சாயங்காலம் மகாராணி. தாடியைப் பிச்ச எரிச்சல் போறதுக்குள்ள மஞ்சள் பூசணும்." தாடையைத் தடவிக் காட்டினார். இப்ப பிச்ச மாதிரியே முகத்தைச் சுளிச்சார்.

சங்கத்துப் படத்தைக் காட்டினேன். "இதுவும் நான்தான். அந்தக் கோட்டு முதலாளியோட மச்சானுது. திருப்பிக் கொடுக்கல." நோட்டீஸ் படத்தைக் காட்டினேன். "நான்தான்யா! இன்னும் எத்தனை என்னை வச்சிருக்கே?"

நான் அவர் காதைப் பார்த்தேன். இடது காது. சோணையில வெட்டு. "இது எப்படி ஆச்சுங்க?"ன்னு கேட்டேன். "ஒரு நாடகத்துல வில்லன் வேஷக்காரன் மகாராணியைத் தலைமயிரைப் பிடிச்சு இழுக்கணும். குடிச்சுட்டு வந்த பய, டோப்பாவோட தோட்டையும் சேர்த்து இழுத்துட்டான். ரத்தத்தோடயே பாடி முடிச்சேன். ஒன்ஸ்மோர் கேட்டாங்க"ன்னார்.

பையிலருந்து காது நகல் எடுத்த துணியை எடுத்து அவர் காதோட வச்சுப் பார்த்தேன். "கூச்சமா இருக்கு ராஜா"ன்னு சிரிச்சுக்கிட்டே காட்டினார். ஒரு முடியிழை விலகலம்மா. அச்சு.

இப்ப உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்க. பரவாயில்ல, சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். எல்லாரும் அதைத்தான் நினைப்பாங்க. அந்தக் கிழவர் சொல்றது நிஜம், படம் பொய்யுன்னு. எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் ஆயிருச்சு. படியில உட்கார்ந்துட்டேன். அப்புறம் யோசிச்சேன். முப்பத்திரண்டு வருஷம் கோடு பார்த்த கண்ணும்மா இது. காது இவ்வளவு ஒத்துப்போகுதுன்னா, அது ரத்தம். இவர் வாத்தியாரோட மகன். ஊருக்குத் தெரியாத மகன். கம்பெனியில அப்படியெல்லாம் உண்டு. கிழவருக்கே தெரியாம இருக்கலாம், இல்ல தெரிஞ்சு மறைக்கலாம். காயம் எப்படிப் பரம்பரையா வரும்னு கேட்காதீங்க. செண்பகம் கேட்டுட்டா.

எந்திரிக்கும்போது கேட்டேன். "சரிங்க, நிஜ வாத்தியார் எப்படித்தான் இருப்பார்?" அவர் கண்ணை மூடினார். "கறுப்பா... நல்ல உயரம். இல்ல, உயரம் இல்ல. உட்கார்ந்தே இருப்பார். குரல் இருக்கு, அப்படியே காதுக்குள்ள இருக்கு. மூஞ்சி..." ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கல. திறந்தப்ப தண்ணியா இருந்துச்சு. "வரமாட்டேங்குதேய்யா"ன்னார். நான் மறுபடி என் படத்தைக் காட்டினேன். பார்க்கல.

ஆஸ்பத்திரிக்கு வந்தா வராந்தா காலியாக் கிடக்கு. ஆவுடை மட்டும் அதே இடத்துல உட்கார்ந்திருக்கா. "என்னளா, பார்த்தாச்சா?"ன்னேன். நாற்பத்தேழைக் கூப்பிட்டாங்களாம். டாக்டரம்மா கொடுத்த சீட்டு எங்கன்னு கேட்டாங்களாம். அது என் பையில, நகலெல்லாம் வச்சிருந்த கவருக்குள்ள இருந்துச்சு. "நீங்க வந்துருவீங்கன்னு சொன்னேன், தள்ளி உட்காரச் சொல்லிட்டாங்க"ன்னா. "நீயே விவரத்தைச் சொல்லக்கூடாதா?"ன்னேன். "என்ன சொல்லன்னு தெரியல"ன்னா. மறுபடி வரலாம்னு பஸ் ஏறிட்டோம். பஸ்ஸில அவகிட்ட வைகுண்டம் கதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டே வந்தா. கடைசியில, "அவருக்குக் கடைசி வரைக்கும் ஒரு படம்கூட இல்லாமலே போச்சு, பாருங்க"ன்னா. யாரைச் சொன்னான்னு நான் கேட்கல. வாத்தியாரைத்தான்.

கமிட்டியில நான் நின்னு பேசினேன். மூணு காதையும் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினேன். ரத்தம், மகன்னு சொன்னதும் திருவேங்கடம் சிரிச்சுட்டான். "தளவாய் அண்ணே, வாத்தியார் கல்யாணமே கட்டலேண்ணே. இருக்கிற சண்டை போதாதா, இப்ப சொத்துச் சண்டையும் கிளப்பணுமா?" எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஸ்தபதி ஒரு யோசனை சொன்னார். வேற ஊருக்குச் செஞ்சு, எடுத்துக்காம விட்ட ஒரு தலைவர் சிலையோட அச்சு அவர்கிட்ட இருக்காம். துண்டு, கைத்தடி எல்லாம் தயாராம். மூஞ்சிக்கு எல்லார் படத்துலருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் போட்டுரலாம், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதுன்னார். உடனே கைதட்டிட்டாங்க. பாருங்க, நல்லாப் பாருங்க. மீசை சங்கத்துது. மூக்கு பாட்டுப்புத்தகத்துது. கண்ணு வக்கீலோட பெரியப்பாவுது. தலைப்பாகையை எவ்வளவு கீழ இறக்கிக் கட்டியிருக்காங்க பாருங்க. ரெண்டு காதும் உள்ள போயிருச்சு.

ஆடி மாசம் ஆவுடை போயிட்டா. மறுபடி மதுரைக்குப் போனோம், அதுக்குள்ள கட்டி பரவியிருந்துச்சு. சீக்கிரமாத்தான் முடிஞ்சுச்சு. ரொம்பக் கஷ்டப்படல. கஷ்டப்பட்டான்னு செண்பகம் சொல்றா. இருக்கலாம், என்கிட்ட அவ ஒண்ணும் சொன்னதில்ல.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தக்காரங்க மாலையோட வந்துட்டாங்க. படம் எங்கேன்னு கேட்கிறாங்க. வீடு பூரா வாத்தியார் காது. செண்பகம் டிரங்குப் பெட்டி, அலமாரி, அரிசிப் பானை வரைக்கும் தேடிட்டா. அப்புறம் என்கிட்ட வந்து நின்னா. "அப்பா, உங்க கல்யாணப் படம் எங்கே?"

நான் சுவரைக் காட்டினேன்.

"அது வாத்தியார்ப்பா."

"அவருக்கு அடியில."

அவ கத்துவான்னு நினைச்சேன். கத்தல. சட்டத்தை இறக்கிக் கழத்திப் பார்த்தா. ஜெபமணியைக் கூட்டிட்டு வந்தா. அவன் ஓரத்தை நகத்தால கீறிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினான். "அண்ணாச்சி, இதென்ன ஒட்டா, கொத்து வேலையா? துத்தம் வேற போட்டிருக்கீங்க. தண்ணியில ஊறப்போட்டா அடியில இருக்கிறது தப்பிச்சுக்கும், அது நல்ல தாளு. மேல இருக்கிறது கஞ்சியாப் போயிரும். ரெண்டும் வேணும்னா நடக்காது."

நான் வேண்டாம்னு சொல்லலம்மா. கொஞ்சம் பொறுன்னுதான் சொன்னேன். உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. "அதான் ஆறு நகல் எடுத்து வச்சிருக்கீங்களேப்பா"ன்னு கேட்டா. நகல் நகல்தானே? டிரேசர் மககிட்ட இதை விளக்கிச் சொல்லணுமா? உங்கம்மா உள்ளே பத்திரமா இருக்கா, எங்கயும் போயிரலேன்னேன். ஜெபமணியும் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னான். "ஒண்ணு செய்யலாம் தாயி. நீ அப்படியே உங்கம்மா சாடை. அம்மா சேலையைக் கட்டிக்கிட்டு வந்து ஸ்டுடியோவுல உட்காரு. கொஞ்சம் நரையைத் தீட்டி, கண்ணுக்குக் கீழ கருப்பு போட்டா, பெத்தவளே வந்து இருக்கிற மாதிரி ஆக்கிருவேன். நிறைய வீட்டுக்கு அப்படித்தான் செஞ்சு கொடுத்திருக்கேன்." எனக்கு நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. செண்பகம் அவனை ஒரு பார்வை பார்த்தா. "நான் உசுரோட இருக்கேண்ணே, எனக்கே மாலை போடச் சொல்றீங்களா?"ன்னுட்டு உள்ளே போயிட்டா.

அதுலருந்து ஒரு வருஷம். எனக்கு அவ கடிதாசி எழுதல. சிலை திறப்புக்கு வரல. சிலை திறந்தாச்சு, கமிட்டி கலைஞ்சாச்சு, இனிமே அந்தப் படத்தை வச்சு யாருக்கு எதை நிரூபிக்கப்போறீங்கன்னு ஜெபமணிகூடக் கேட்டான். நியாயமான கேள்விதான். தினமும் சாப்பிடும்போது அதைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஆவுடை அரக்குப் பட்டோட கொல்லையில நின்னது ஞாபகம் இருக்கு. புடவைக் கரை ஞாபகம் இருக்கு, கல்லு ஞாபகம் இருக்கு, பூ மல்லிகைங்கிறது ஞாபகம் இருக்கு. மூஞ்சியை நினைச்சா, வாத்தியார் வந்து நிக்கார்.

இன்னிக்கு ஆவுடைக்கு முதல் வருஷ திவசம். செண்பகம் நேத்துச் சாயங்காலம் வந்தா, தனியா. காலையில எந்திரிச்சுக் குளிச்சு, சமைச்சு, இலை போட்டா. அப்புறம் பித்தளைத் தாம்பாளத்துல தண்ணியை நிரப்பிக் கூடத்துல நடுவுல கொண்டாந்து வச்சா. படத்தை இறக்கி, சட்டத்தைக் கழத்தாம என் கையில கொடுத்தா.

"நீங்களே போடுங்கப்பா"ன்னா. "நான் போட்டா நீங்க ஆயுசுக்கும் என்னைச் சொல்லுவீங்க. நீங்களா போடுங்க."

நான் வாங்கிக்கிட்டேன். போடத்தான் வாங்கினேன். சட்டத்தோட பின்பக்கத்து ஆணியைக்கூட ஒண்ணு ரெண்டு பிடுங்கினேன். வாத்தியார் என்னையே பார்க்கிறார். அந்தக் கண்ணு. வைகுண்டம் ஞாபகம் வந்துச்சு, ஆவுடை ஞாபகம் வந்துச்சு, எல்லாம் வந்துச்சு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியாது. இலையில போட்ட சோறு ஆறிப்போச்சு. வெளியில காக்கா கத்துது. செண்பகம் தாம்பாளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கிட்டிருக்கா.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா"ன்னேன்.

அவ எந்திரிச்சு வந்து படத்தை என் கையிலருந்து வாங்கினா. முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். தண்ணிச் சத்தம் கேட்கும், கேட்கும்னு நிக்கேன். கேட்கல. கண்ணைத் திறந்தா, நான் பிடுங்கின ஆணியை எடுத்து அம்மிக் குழவியால தட்டித் திரும்ப அடிச்சுக்கிட்டிருக்கா. அடிச்சு முடிச்சு, படத்தை வாத்தியார் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினா. பின்பக்கத்துப் பலகையில ஒட்டடை இருந்துச்சு, முந்தானையால துடைச்சா. நடுவுல சந்தனத்தை வச்சு, அது மேல குங்குமம் வச்சா. மாலையைப் போட்டா. சூடத்தைக் கொளுத்திக் காட்டிட்டு, விழுந்து கும்பிட்டா.